நடப்புச் செய்தியும் நம்மூரும்

உத்தியோகம் தேடும் இளைஞர் கையில் இக்காலத்தில் தவறாது காணப்படும் புத்தகம் ஒன்று உண்டு. 'நடப்பு நிகழ்வுகள்' என்பது அதன் பெயர். மாதந்தோறும் புதிதாய் வெளிவரும். பொருளாதாரம், பாங்கித் தொழில், நியமனங்கள், விருதுகள் என்று தலைப்புக்கள் இட்டு, ஒவ்வொன்றின் கீழும் வரி வரியாய்ச் செய்திகள் அடுக்கப்பெற்றிருக்கும். இன்னார் இன்ன பதவி ஏற்றார். இன்ன பரிசு இன்னாருக்குக் கிடைத்தது. இன்ன வட்டி இவ்வளவு குறைந்தது. ஒரு செய்திக்கு ஒரு வரிக்கு மேல் இடம் இல்லை. அந்த ஒரு வரியை அறிந்தவனுக்கு ஒரு மதிப்பெண். அறியாதவனுக்கு இல்லை.

இராஜபாளையத்தில் இருக்கும் என் தமையனார் மகள், நம் கல்லூரியில் படித்துத் தேறியவள், இரண்டு வருஷ காலமாகப் பாங்கிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்து வருகிறாள். சின்னாட்களுக்கு முன் யான் அங்குச் சென்றிருந்தபொழுது, "சித்தப்பா, இந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி கேளுங்கள்" என்று என் கையில் கொடுத்தாள். கேட்டேன். ரிசர்வ் பாங்கியின் கவர்னராக சஞ்சய் மல்ஹோத்ரா பதவி ஏற்றது எப்பொழுது? "2024 டிசம்பர் 11. அவர் 26-ஆவது கவர்னர்." ரெப்போ வட்டி 2025-ஆம் ஆண்டில் எத்தனை முறை குறைந்தது? "நான்கு முறை. 6.50 என்பது 5.25 ஆயிற்று." ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு? "2019." எங்கும் தடுமாற்றம் இல்லை. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. அப்பொழுது ஏதோ நினைவில், புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன். "உன் தாயாரின் வளையல் பாங்கியில் இருக்கிறதே, அதற்கு வட்டி என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. அது கேள்வியா என்பது போல் என்னைப் பார்த்தாள்.

அவளைக் குறை கூறுவதற்காக இதை எழுதினேன் அல்லேன். அவள் போன்ற பல்லாயிரம் பேர் வருஷக்கணக்காய் இம்முறையில்தான் படிக்கிறார்கள். இம்முறையில் தேறியவர்களே நாளைக்குப் பாங்கியில் மேஜைக்கு அப்புறம் உட்கார்ந்து நம்மவர்க்குக் கடன் கொடுக்கவோ மறுக்கவோ போகிறார்கள். ஆகவே இது ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றிய காரியம் மட்டும் அன்று. ஒரு செய்தி தன் தெருவுக்கு வரும்போது என்ன உருவம் கொள்கிறது என்று வினவாதவன் அச்செய்தியை அறிந்தவன் ஆகான் என்பதே என் துணிபு.

மனப்பாடத்தை யான் இகழவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்ட நம் முன்னோர், கடையிலும் களத்திலும் நின்று மாகாணியும் அரைக்காணியும் பிசகாமல் கணக்குச் சொன்னார்கள். அவர்கள் உருப்போட்டது நாளும் கைக்கு உதவிற்று. இன்றைய மாணவர் உருப்போடுவது பரீட்சை மண்டபத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. இதுவே வேறுபாடு.

மேற்சொன்ன வட்டிச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூன் 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி ரெப்போ வட்டியை ஒரே முறையாக அரைச் சதவிகிதம் குறைத்தது. பத்திரிகைகளில் அதுவே தலைப்பு. பரீட்சைப் புத்தகங்களிலும் அதுவே முதல் வரி. அதே தேதியிட்டு அதே பாங்கி வேறொன்றும் வெளியிட்டது. பொன், வெள்ளி நகைகளின் பேரில் கடன் கொடுப்பதற்கான புதிய விதிகள் அவை. புத்தகத்தில் அதற்குக் கிடைத்த இடம் சிறிது. ஆனால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள வீடுகளுக்கு இவ்விரண்டில் எது பெரிய செய்தி? வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு ரெப்போ குறைந்தால் மாதத் தவணை குறையும், அஃது உண்மை. நகையை வைத்தவருக்கோ, பெரும்பாலும் வட்டி முன்னரே குறித்துவிட்டது. உழவுக்கு விதை வாங்கவும், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவும், தறிக்கு நூல் வாங்கவும் நம் பக்கத்தார் முதலில் நாடுவது நகைக்கடனையே. நிலம் இல்லாதவருக்கும் ஒரு ஜோடி தோடு இருக்கும்.

இவ்விதிகளின் வரலாறும் அறியத்தக்கது. 2024 செப்டம்பர் மாத இறுதியில், நகைக்கடன் கொடுப்பதில் பல முறைகேடுகள் காணப்படுகின்றன என்று ரிசர்வ் பாங்கி எச்சரித்தது. அதன்பின் பல பாங்கிகள், வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தி, அசலையும் வட்டியையும் முழுதும் கட்டி நகையை மீட்ட பின்னரே மறுபடியும் வைக்கலாம் என்று சொல்லத் தொடங்கின. கையில் அசல் இருந்தால் அவன் ஏன் கடன்காரனாய் இருக்கிறான்? ஒரு நாளைக்கு என்று வெளியில் கைமாற்று வாங்கி, நகையை மீட்டு, அன்றே திரும்ப வைத்து, அந்த ஒரு நாள் பணத்துக்கு மிகையான வட்டி கொடுத்தவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகளும் எல்லோருக்கும் ஒரே அளவாய்ச் சட்டையைத் தைத்தன. தமிழ்நாட்டிலிருந்து கடும் மறுப்பு எழுந்தது. சிறு கடன்காரரை விலக்கவேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகமும் கருத்துரைத்தது. அதன் பயனாகவே ஜூன் மாத விதிகளில், இரண்டரை லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு நகை மதிப்பில் நூற்றுக்கு 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று படிகள் வகுக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குள் எல்லாப் பாங்கிகளும் இவற்றை மேற்கொள்ளவேண்டும் என்பது ஆணை.

புத்தகம் '85' என்பதோடு நின்றுவிடுகிறது. சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடனுக்கு, முடிவில் கட்டவேண்டிய மொத்தத் தொகையே அந்த வரம்புக்குள் அடங்கவேண்டும் என்பது விதி. லட்சம் ரூபாய் பெறும் நகை. வட்டி நூற்றுக்கு 9 என்று கொள்வோம். கையில் வாங்கும் தொகையோடு ஓராண்டு வட்டியும் சேர்ந்து 85,000-ஐத் தாண்டலாகாது. ஆகவே கையில் கிடைப்பது 78,000-க்குச் சற்றே குறைவு. எண்பத்தைந்து என்று உருப்போட்டுச் சென்ற குமாஸ்தா, எதிரே நிற்கும் கிழவிக்கு இதை எப்படி விளக்குவார்? கடனின் நிபந்தனைகளை வட்டார மொழியிலோ கடன் வாங்குவோர் விரும்பும் மொழியிலோ தெரிவிக்கவேண்டும். எழுத்தறியாதவர்க்கு, பாங்கி ஊழியர் அல்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் எடுத்துரைக்கவேண்டும். கடன் தீர்ந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றெல்லாம் அதே விதிகளில் இருக்கின்றன. கிழவிக்கு மிகவும் வேண்டியவை இவை.

நகை என்றதும் மற்றொரு வரி நினைவுக்கு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் பாரத ரத்னா பெற்ற ஐவருள் பி. வி. நரசிம்ம ராவும் ஒருவர். விருதுப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருக்கும். அவர் 1991 ஜூனில் பிரதமரானபோது, அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வாரத்து இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 47 டன் பொன்னை லண்டனுக்கு அனுப்பி, அதன் பேரில் நம் நாடு கடன் வாங்கிற்று. அப்பொழுது ரிசர்வ் பாங்கியின் கவர்னராய் இருந்தவர் நாகர்கோவிலிற் பிறந்த எஸ். வெங்கிடரமணன். சில மாதங்களிலேயே அக்கடன் தீர்ந்தது. பின்னொரு காலத்தில், 2024-இல், அந்நாட்டுப் பெட்டகங்களில் இருந்த நம் பொன்னில் சுமார் 100 டன்னை ரிசர்வ் பாங்கி இந்நாட்டுக்கு எடுத்துவந்தது. சர்க்கார் செய்ததும் என் அண்ணியார் செய்ததும் ஒரே காரியம். அளவில்தான் வேறுபாடு. (நாட்டுக்கு யாரும் ஒரு நாள் கைமாற்று வாங்கி மீட்டு வா என்று சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்க.)

நிற்க. பருத்தி இறக்குமதித் தீர்வை 11 சதவிகிதம் 2025 ஆகஸ்டு 19 முதல் விலக்கப்பட்டு, அவ்விலக்கு அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இதுவும் ஒரு வரி. 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தோன்றிய நாள் முதல் நூற்பாலையே இவ்வூரின் மூச்சு. ஆலைக்காரருக்கு அச்செய்தி நற்செய்தி. அங்கிருந்து கிழக்கே கரிசற் காட்டில் பருத்தி விதைத்துக் காத்திருக்கும் குடியானவருக்கு, அயல்நாட்டுப் பஞ்சு மலிவாய் இறங்குவது நற்செய்தியாகுமா? ஒரே தாலுகாவில் ஒருவர் சிரிப்பும் ஒருவர் கவலையுமாய் அமையும் செய்தியை, 'எந்தத் தேதியிலிருந்து?' என்று மட்டும் கேட்டு விடுவது எவ்வளவு வறிய கேள்வி!

இனிப் பாங்கிகளை இணைக்கும் செய்திகள். கிராம பாங்கிகள் பற்றிய கருத்தை 1975-இல் எம். நரசிம்மம் தலைமையில் அமைந்த குழு வகுத்தளித்தது. சிறு குடியானவர், கூலிக்காரர், கைத்தொழிலாளர் ஆகியோருக்கென்று, அந்தந்த வட்டாரத்தின் பேச்சும் பழக்கமும் அறிந்த ஊழியரைக் கொண்டு நடப்பதாய் ஒரு பாங்கி வேண்டும் என்பது நோக்கம். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி முதல் ஐந்து பாங்கிகள் திறக்கப்பெற்றன. நம் பக்கத்துக்கு 1977-இல் வந்தது பாண்டியன் கிராம பாங்கி. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி அதன் புரவலர். விருதுநகர் அதன் தலைமையிடமாய் இருந்தது. 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி அது பல்லவன் கிராம பாங்கியோடு இணைக்கப்பட்டுத் தமிழ்நாடு கிராம பாங்கி ஆயிற்று. புரவலர் இந்தியன் பாங்கி, தலைமையிடம் சேலம். 2025 மே 1-ஆம் தேதி 'ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராம பாங்கி' என்ற கொள்கையின்படி, நாடெங்கும் 43 ஆக இருந்தவை 28 ஆயின.

இணைப்புக்குத் தக்க காரணங்கள் இல்லாமல் இல்லை. மூலதனம் பெருகும், இயந்திர வசதிகளின் செலவு பகிர்ந்துவிடும், ஒரு ஜில்லாவில் மழை பொய்த்தால் பாங்கியே ஆட்டம் காணாது. பிராந்தியக் காரியாலயங்களும் உண்டு, கிளைகளும் மூடப்பட்டுவிடவில்லை. ஆயினும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் துணியை நம்மில் எத்தனை பேர் அவ்வூரோடு சேர்த்து எண்ணியிருப்போம்? நான்கு தறி வைத்திருப்பவர் நூலைக் கடனாய் வாங்குகிறார்; துணியைக் கடனாய் விற்கிறார்; இடையில் கூலி ரொக்கமாய்க் கொடுக்கிறார். அவர் கையில் சொத்துப் பத்திரம் பெரிதாய் இராது. தெருவில் நாணயம் இருக்கும். அந்த நாணயத்தைப் படித்தறியக்கூடிய கண், தறியின் ஓசை கேட்கும் தூரத்தில் இருக்கவேண்டாமா? தலைமையிடம் தொலைவாகத் தொலைவாக, ஊர் அறிந்த நாணயத்தின் இடத்தைக் காகிதம் பிடித்துக்கொள்ளும் என்பது என் அச்சம். யான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் 'தமிழ்நாடு கிராம பாங்கியின் தலைமையிடம் எது?' என்ற கேள்விக்குச் 'சேலம்' என்று எழுதும் மாணவன், அது முன்னே எங்கே இருந்தது, ஏன் மாறிற்று என்று கேட்கத் தொடங்கினால், என் பிழையை அவனே திருத்திவிடுவான்.

இராஜபாளையத்திலிருந்து ஏழெட்டு மைல் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரமும் தேரும் ஊருக்கு அழகு; பால்கோவா ஊருக்குப் பிழைப்பு. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராமல், அடுப்பின் முன் வியர்வை சொட்டக் கிண்டுகிறவர் கையே அதன் இரகசியம். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. விருது கிடைத்தாற்போல் ஊரார் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சிக்கு உரியதே. ஆனால் அது விருது அன்று, ஓர் உரிமை. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அப்பெயர் தனி ஒருவருக்குச் சொந்தமாகாது. அவ்வட்டாரத்தில் அப்பொருளைச் செய்வோர் அனைவருக்கும் பொது. எனினும் அவ்வுரிமையைக் கையாள விரும்பும் ஒவ்வொருவரும், அங்கீகாரம் பெற்ற உபயோகஸ்தர் என்று தனித்தனியே பதிவு செய்துகொள்ளவேண்டும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். வெளியூர்ப் பேருந்து நிலையங்களில் யாரோ கிண்டிய எதையோ இவ்வூர்ப் பெயரால் விற்றால், முத்திரை தானே எழுந்து சென்று தடுக்காது. உரிமையுடையவர் வழக்காடினால்தான் தடுக்கும்.

என் தமையனார் மகளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபொழுது, சிறு கடை ஒன்றில் இதைப் பற்றி அவளே கேட்டாள். கடைக்காரர் முதியவர், மரியாதையுடன் பதில் சொன்னார். "பத்திரிகையில் வந்ததம்மா, வெட்டி ஒட்டியும் வைத்திருக்கிறேன். பதிவு என்று ஒன்று தனியாக உண்டா?" என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பத்திரிகைத் துண்டு பழுப்பேறி இருந்தது. ஆண்டைச் சரியாய்ச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, அவர் செல்லவேண்டிய வாயிலைச் சொல்லத் தெரியவில்லை. புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. அதுவும் புத்தகத்தில் வந்த ஒரு வரிதான். அவர் அதைக் கணக்குச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

நியமனங்களைப் பற்றியும் ஒரு சொல். பி. எஸ். குமாரசுவாமி ராஜா இராஜபாளையத்தவர். 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானதும் அப்பதவியே முதல் மந்திரி எனப்பட்டது. 'சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமர் யார்?' என்று பரீட்சையில் கேட்பார்கள். 1952 தேர்தலில், முதல் மந்திரியாய் இருந்த அவர், தம் ஊருக்கு அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார் என்பதைக் கேட்பதில்லை. உணவுத் தட்டுப்பாடும் ரேஷனும் மக்களை வருத்திய காலம் அது. மந்திரிகள் வேறு சிலரும் தோற்றனர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்த ஒருவரை, அவரை நன்கறிந்த மக்களே ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? பின்னர் 1954-இல் அவர் ஒரிஸ்ஸாவின் கவர்னராய் நியமனம் பெற்றது ஒரு வரி. இக்கேள்விக்கு விடை ஒரு புத்தகம். அப்புத்தகத்தை எழுதத்தக்கவர் நம் சரித்திர மாணவருள் ஒருவராய் இருப்பின் நன்று.

"பரீட்சையில் இவற்றையெல்லாம் கேட்பதில்லையே; நேரத்துக்கு எங்கே போவது?" என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி. இடங்கள் சில, எழுதுவோர் பல்லாயிரவர், ஒரு மதிப்பெண்ணில் ஒரு வாழ்வு தவறிப்போகிறது. வயிற்றுப்பாட்டின் முன் உபதேசம் செய்ய யார்க்கும் உரிமை இல்லை. குற்றம் கேள்வி கேட்போரிடத்தில் பெரிது. எனினும் நம் கல்லூரியின் பொருளாதாரச் சங்கம் ஒன்று செய்யலாம். வாரம் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அது எவரைத் தொடுகிறதோ அவரிடம் இரண்டு மாணவர் நேரிற் சென்று கேட்டு வந்து, சங்கத்தில் பத்து நிமிஷம் சொல்லலாம். 2019-இல் அபிஜித் பானர்ஜி முதலிய மூவர் பொருளாதார நோபல் பரிசு பெற்றதும் இத்தகைய சிறு கேள்விகளைக் களத்திலே நின்று கேட்டதற்காகவே. ஐதராபாத் நகரத்து எளியோர் குடியிருப்புகளில் சிறு கடன் கொடுத்தபின் வாழ்க்கை எவ்வளவு மாறிற்று என்று அவர் குழுவினர் வீடு வீடாய்ச் சென்று ஆராய்ந்து, எதிர்பார்த்த பெருமாற்றம் நிகழவில்லை என்று கண்டனர். அப்பரிசையும் நாம் பெயர், ஆண்டு என்று உருப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிய அன்று இரவு, அண்ணியாரின் நகைச் சீட்டை அவள் கேட்டு வாங்கினாள். அவர் பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய கடன், சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. வாங்கிய நாள் முதல் அவ்வீட்டில் ஒருவரும் அதைப் படித்ததில்லை. அவள் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாய்த் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். வட்டி விகிதம் முதலில் இருந்தது. அதைத் தாண்டி நான்காவது பாராவில் தவணை முடியும் தேதி. அதற்கு இன்னும் பதினொரு நாளே இருந்தது.